பழைய அலுமினிய வள்ளத்தின் அடிப்பக்கம்: பைபர் ஒட்டுவதா, சுரண்டிப் பெயின்ட் அடிப்பதா?

மணக்குடி மகன்

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்காக ஒரு பழைய அலுமினிய வள்ளம் வாங்கியிருக்கிறேன். 14 அடி நீளம், முழுக்க ரிவெட் அடித்துக் கட்டியது. கொச்சியில் பழைய சாமான் வியாபாரி ஒருவரிடம் கிடைத்தது. யார் கட்டியது, எந்த வருடம் என்று சொல்லும் தகடு எதுவும் அதில் இல்லை.

அப்பா நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். முதலில் கட்டுமரம், சுனாமிக்குப் பிறகு பைபர் வள்ளம். இப்போது முட்டுவலி. அலையில் வள்ளம் தள்ளும் வேலை இனி அவரால் ஆகாது. ஆனால் வீட்டில் உட்காரவும் முடியவில்லை. பழையாறு கடலோடு சேரும் பொழிக்கு உள்ளேயே, காயலில் மட்டும், காலையில் இரண்டு மணி நேரம் வலை போட்டு வர லேசான வள்ளம் ஒன்று போதும். இதை நாங்கள் நான்கு பேர் தூக்கிக் கரையேற்றிவிடுகிறோம். அதற்காகவே வாங்கினேன்.

கவிழ்த்துப் போட்டுப் பார்த்தேன். மேலே நீலப் பெயின்ட், அதற்குக் கீழே செங்கல் நிறத்தில் இன்னொரு பூச்சு. இரண்டும் பல இடத்தில் கொப்புளம் கட்டியிருக்கின்றன. நகத்தால் கீறினால் உள்ளே ஈரமான வெள்ளைப் பொடி. ஏராவை (அடியில் நீளவாக்கில் ஓடும் நடுமுதுகு) ஒட்டி, ரிவெட் வரிசை ஓரமாக, மிளகு அளவில் குழிகள். எஞ்சின் மாட்டும் இடத்தில் உள்ளே வைத்திருந்த பிளைவுட் கையோடு பிய்ந்து வருகிறது. தரைப்பலகைக்கு அடியில் ஸ்பாஞ்ச் தண்ணீர் குடித்துக் கனக்கிறது. காயலில் இறக்கிப் பார்த்தபோது மணிக்கு இரண்டு வாளி தண்ணீர் ஏறியது.

கரையில் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பைபர் போர்த்திவிடு என்கிறார் ஒருவர். காஸ்டிக் சோடா கரைத்து ஊற்று, பெயின்ட் எல்லாம் கழன்று வரும் என்கிறார் இன்னொருவர். ரெட் ஆக்சைடு அடித்து மேலே எனாமல் போடு என்கிறார் மூன்றாமவர். அலுமினியத்தில் வேலை செய்து பழகியவர்கள் இருந்தால் வழி சொல்லுங்கள்.

முட்டம் பைபர் பட்டறை

தம்பி, கவலைப்பட வேண்டாம். பலகை வள்ளம், பிளைவுட் வள்ளம் என்று எத்தனையோ பழசை நாங்கள் பைபர் போர்த்தி மறுபடி கடலுக்கு அனுப்பியிருக்கிறோம். பெயின்டைச் சுரண்டிவிட்டு 450 மேட் (சதுர மீட்டருக்கு 450 கிராம் கண்ணாடி நார்ப் பாய்) இரண்டு அடுக்கு, மேலே ஜெல்கோட் என்ற வழவழப்பான மேல்பூச்சு. ரிவெட் ஓட்டையெல்லாம் அதிலேயே அடைபடும். இரண்டு நாள் வேலை. வண்டியில் ஏற்றிக் கொண்டுவாருங்கள்.

குளச்சல் ஆர்கான்

பட்டறை அண்ணன் சொல்வதை நான் மறுக்க வேண்டியிருக்கிறது, மன்னிக்க வேண்டும். 18 வருடம் வளைகுடாவில் ஒரு யார்டில் அலுமினியப் படகுகளுக்கு ஆர்கான் வெல்டிங் செய்தவன் நான். ஊருக்கு வந்த பிறகு என்னிடம் வந்த அலுமினிய வள்ளம் இரண்டே இரண்டுதான். ஒன்றில் யாரோ பைபர் போர்த்தியிருந்தார்கள். வெளியே புதுப் படகு மாதிரி இருந்தது. ஓரத்தில் உளியை வைத்து நெம்பினேன். பாய் சுருட்டுகிற மாதிரி முழுசாக உரிந்து வந்தது. பின்னால் அரிசிமாவு கொட்டினதுபோல் வெள்ளைப் பொடி. தகட்டில் பத்து இடத்தில் வெளிச்சம் தெரிந்தது.

காரணம் இதுதான். மரம் பிசினைக் குடிக்கும், அதனால் பைபர் அதில் வேர் பிடித்த மாதிரி நிற்கும். அலுமினியம் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காது. பாலியெஸ்டர் பிசின் காயும்போது சுருங்கவும் செய்யும். நாளாவட்டத்தில் ஓரம் விட்டுக் கொடுக்கும். அந்த இடுக்கில் உப்புத் தண்ணீர் போனால் வெளியே வர வழி கிடையாது. அலுமினியத்தைக் காப்பாற்றுவது அதன் மேல் தானாகப் படியும் மெல்லிய ஆக்சைடு தோல். அந்தத் தோல் கிழிந்த இடத்தில் மறுபடி வளரக் காற்று வேண்டும். மூடிய இடுக்கில் காற்று இல்லை, உப்பு மட்டும் இருக்கிறது. அங்கே தகடு அரிக்கத் தொடங்கினால் உங்கள் கண்ணுக்கே தெரியாது.

உங்கள் வள்ளத்தில் ஸ்பாஞ்ச் கிடந்ததாகச் சொன்னீர்கள் அல்லவா? அதுவும் இதே கதைதான். ஈரத் துணி, ஸ்பாஞ்ச், நனைந்த பிளைவுட் எது தகட்டோடு ஒட்டிக் கிடந்தாலும் அந்த இடம் போய்விடும். இன்றைக்கே அத்தனையையும் வெளியே எடுத்துப் போடுங்கள். உள்ளும் புறமும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். இன்று ஒரு தடவை, நாளை ஒரு தடவை, நாளை மறுநாளும் ஒரு தடவை. குழிக்குள் உட்கார்ந்திருக்கும் உப்பு ஒரே கழுவலில் வராது. அதை உள்ளே வைத்து மேலே எவ்வளவு விலை உயர்ந்த பெயின்ட் அடித்தாலும் மறுபடி கொப்புளம்தான் வரும்.

காஸ்டிக் சோடாவைப் பக்கத்திலேயே கொண்டுவர வேண்டாம். ரெட் ஆக்சைடு இரும்புக்குச் செய்தது, அலுமினியத்தில் பிடித்து நிற்காது. ஈயம் கலந்த பழைய காலத்துச் சிவப்புப் பிரைமர் யாராவது கொடுத்தால் அதைத் தொடவே வேண்டாம்.

வேதியியல் அக்கா

நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். வீடு கடியப்பட்டணம், அதனால் இந்தப் பேச்சில் எனக்கும் பங்கு உண்டு.

குளச்சல் அண்ணன் சொன்ன ஆக்சைடு தோல், பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) ஏறத்தாழ 4 முதல் 9 வரை இருக்கும் நீரில்தான் உறுதியாக நிற்கும். காஸ்டிக் சோடா அதைவிட மிக மேலே. முதலில் தோலைக் கரைக்கும், பிறகு உலோகத்தையே கரைக்கும். அப்போது ஹைட்ரஜன் வாயு பொங்கி வரும், பக்கத்தில் பீடி பற்றவைத்தால் ஆபத்து. சுண்ணாம்புத் தண்ணீரும் சிமென்ட் பாலும் இதே ரகம். வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது வள்ளத்தின் மேல் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழி விழுவது உப்பின் வேலை. உப்புப் போட்ட கஞ்சியை அலுமினியப் பாத்திரத்தில் ராத்திரி முழுக்க வைத்தால் அடியில் ஊசி குத்தினதுபோல் புள்ளி விழுவதை நம் வீட்டு அம்மாக்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். வள்ளத்தில் நடப்பதும் அதுவே.

அந்தச் செங்கல் நிறப் பூச்சுதான் எனக்குக் கவலை தருகிறது. பாசி பிடிக்காமல் இருக்க மர வள்ளங்களுக்கு அடிக்கும் பெயின்டில் குப்ரஸ் ஆக்சைடு என்ற செம்புச் சேர்மம் இருக்கும், அதன் நிறமே செங்கல் சிவப்பு. செம்பும் அலுமினியமும் உப்பு நீரில் ஒன்றையொன்று தொட்டால் அங்கே ஒரு பேட்டரி உருவாகும். கரைவது எப்போதும் அலுமினியம். ஆகவே அந்தப் பூச்சில் ஒரு பொட்டுக்கூட மீதம் இருக்கக் கூடாது. உலர்ந்த நிலையில் தேய்க்க வேண்டாம், தண்ணீர் ஊற்றி ஈரமாகவே தேயுங்கள். முகமூடி கட்டாயம். அந்தத் தூளில் செம்பு இருக்கலாம், ஈயமும் இருக்கலாம்.

இன்னொன்று. தகடு எந்தக் கலவை என்று தெரிந்தால் நல்லது. கடலுக்கு ஏற்றவை மக்னீசியம் சேர்ந்த 5052, 5083, 5086 போன்றவை. செம்பு கூடுதலாகச் சேர்ந்த 2000 வரிசைக் கலவை உப்பு நீரில் நிற்காது. சோதனை எளிது. உள்பக்கம் ஒரு மூலையில் காசு அளவுக்குப் பளபளக்கத் தேய்த்து, பத்துக்கு ஒரு பங்கு காஸ்டிக் சோடா கரைத்த நீரில் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். இரண்டு நிமிடத்தில் அந்த இடம் கறுத்தால் செம்பு நிறைய இருக்கிறது. வெளுத்தே இருந்தால் கவலையில்லை. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள், உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள். காஸ்டிக் சோடாவுக்கு இந்த வள்ளத்தில் இருக்கும் ஒரே வேலை இதுதான்.

மணக்குடி மகன்

சொட்டு விட்டுப் பார்த்தேன். நுரைத்தது, கறுக்கவில்லை. தேய்த்த இடம் வெள்ளையாகவே இருக்கிறது. அப்பாவிடம் சொன்னதும் அன்று ராத்திரி சோறு கூடுதலாகச் சாப்பிட்டார். நன்றி அக்கா.

முட்டம் பைபர் பட்டறை

குளச்சல் அண்ணன் சொன்னதைப் படித்துவிட்டு மனசு கேட்கவில்லை. பட்டறையில் பழைய அலுமினியத் தகடு ஒன்று கிடந்தது. 80 நம்பர் தாளால் நன்றாகத் தேய்த்து, 450 மேட் இரண்டு அடுக்கு ஒட்டி, ஒரு வாரம் வெயிலில் விட்டேன். இன்று ஓரத்தில் ஸ்குரு டிரைவரை விட்டு நெம்பினேன். டக்கென்று முழுசாக வந்துவிட்டது. பிளைவுட்டில் அதே வேலையைச் செய்தால் மரநார்தான் கிழியும், பைபர் வராது.

எடைக் கணக்கும் போட்டேன். அந்த வள்ளத்தின் வெளிப்பக்கம் 8 சதுர மீட்டர் வரும். ஒரு அடுக்கு மேட்டும் பிசினும் சேர்ந்து சதுர மீட்டருக்கு ஒன்றரை கிலோ. இரண்டு அடுக்கென்றால் 24 கிலோ. நான்கு பேர் தூக்குவதற்காக வாங்கிய வள்ளத்தில் அதை ஏற்றுவது நியாயமில்லை. தம்பி, என் யோசனையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். இதற்குப் பைபர் வேண்டாம். ஆனால் எஞ்சின் மாட்டும் பின்பலகைப் பிளைவுட் மாற்றும் வேலை இருந்தால் கொண்டுவாருங்கள், எபாக்சி பிசின் குடிக்கவைத்துத் தருகிறேன்.

குளச்சல் ஆர்கான்

அண்ணே, தகட்டை ஒட்டிப் பார்த்துச் சொன்னீர்களே, அதற்கு என் வணக்கம்.

சரி தம்பி, இனி ஒழுக்கு. பெயின்டுக்கு முன்னால் இதை முடிக்க வேண்டும். வள்ளத்தை நிமிர்த்தி, வங்குக்கு வங்கு (விலா எலும்பு மாதிரி குறுக்கே போகும் சட்டம்) அடியில் மணல் மூட்டை முட்டுக் கொடுத்து வையுங்கள். உள்ளே நல்ல தண்ணீர் நான்கு விரற்கடை உயரம் மட்டும் விடுங்கள். நிரப்பிவிடக் கூடாது. 3 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம் என்றாலே 300 லிட்டர், அதாவது 300 கிலோ. முட்டு சரியில்லாமல் விளிம்புவரை நிரப்பினால் தகடு வளைந்து நல்ல ரிவெட்டும் தளர்ந்துவிடும்.

அப்புறம் அடியில் படுத்துப் பாருங்கள். எந்த ரிவெட் தலையில் சொட்டுகிறதோ அங்கே குறி போடுங்கள். பென்சிலால் போட வேண்டாம். பென்சில் கரி கிராஃபைட், அது அலுமினியத்தோடு சேர்ந்தால் செம்பு செய்கிற வேலையையே செய்யும். மார்க்கர் பேனா போதும்.

தளர்ந்த ரிவெட்டில் பாதிக்கு மேல் திரும்ப இறுக்கினாலே நின்றுவிடும். ஒரு ஆள் வெளியே தலையில் கனமான இரும்புக் கட்டையைப் பிடிக்க வேண்டும், இன்னொரு ஆள் உள்ளே வாலைச் சுத்தியலால் தட்ட வேண்டும். இரண்டு பேரும் கண்ணால் பார்த்துக்கொள்ள முடியாது, ஆகவே ஒரு தட்டு என்றால் வை, இரண்டு தட்டு என்றால் எடு என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். தகட்டில் சுத்தியல் படக் கூடாது. இறுக்கியும் ஒழுகினால் துளையிட்டு எடுத்துவிட்டு ஒரு அளவு பெரிய அலுமினிய ரிவெட் போடுங்கள். கடையில் கிடைக்கும் சாதாரண பாப் ரிவெட்டின் நடுவில் துளை இருக்கும், அது வழியே தண்ணீர் வரும். இரண்டு பக்கமும் ஆள் நிற்க முடியாத இடத்தில் மட்டும் முனை மூடிய பாப் ரிவெட் வாங்கிப் போடலாம்.

எல்லா ரிவெட்டுக்கும் அடியில் பாலியூரித்தேன் சீலன்ட் ஒரு பொட்டு. பாத்ரூமுக்கு வாங்கும் சிலிக்கான் வேண்டாம், அதில் வினிகர் வாசனை வருவது அசிட்டிக் அமிலம். அது காயும்போதே தகட்டைக் கடிக்கும்.

குழிகளை ஆர்கானில் அடைக்கலாமா என்று தனிச் செய்தியில் கேட்டிருந்தீர்கள். எனக்கு வேலை வரும் என்றாலும் வேண்டாம் என்றே சொல்வேன். உங்கள் தகடு ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சம்தான் இருக்கும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், அதன் மேல் இருக்கும் ஆக்சைடு உருக 2000 டிகிரிக்கு மேல் வேண்டும். உப்பு ஊறிய பழைய மெல்லிய தகட்டில் ஆர்க் பட்டால், ஆக்சைடு உடைவதற்குள் அடியில் தகடு ஓட்டையாகிவிடும். சூட்டில் பக்கத்து ரிவெட்டும் தளரும். பாதி ஆழத்துக்குக் குறைவான குழிக்கு எபாக்சி புட்டி போதும். அதற்கு மேல் ஆழமாக இருந்தால் 5052 தகட்டில் துண்டு வெட்டி, மூலைகளை உருட்டி, சீலன்ட் தடவி ரிவெட் அடியுங்கள். கார் பட்டறையில் போடும் புட்டி தண்ணீருக்கு அடியில் நிற்காது.

சின்னமுட்டம் விசைப்படகு

இங்கே சுரண்டும் வேலையைப் பற்றி ஒன்று. கம்ப்ரசர் வைத்து மணல் அடித்தால் ஒரு மணி நேரத்தில் பெயின்ட் எல்லாம் போய்விடுமே? மணலுக்கா நம் ஊரில் பஞ்சம்.

இன்னொன்று, காலம். எங்களுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, நல்ல வெயிலில் படகு ஏற்றி வேலை பார்ப்போம். குளச்சல், தேங்காய்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அவர்கள் மழையோடு மல்லுக்கட்டித்தான் பெயின்ட் அடிக்கிறார்கள். வள்ளத்துக்குத் தடை இல்லை, தம்பி நினைத்த மாதத்தில் செய்யலாம். பங்குனிக்குள் முடித்துவிடுங்கள். ஆனி ஆடியில் ஆரம்பித்தால் ஒரு கோட்டும் சரியாகக் காயாது.

வேதியியல் அக்கா

கடற்கரை மணல் வேண்டாம், மூன்று காரணம் இருக்கிறது. அதில் உப்பு இருக்கிறது, கழுவி எடுக்க வேண்டிய உப்பை நாமே தகட்டுக்குள் அடித்து ஏற்றுவோம். அதில் உடையும் சிலிக்கா தூள் நுரையீரலில் தங்கும், சிலிகோசிஸ் வந்தால் திரும்பாது. மூன்றாவது நம் மாவட்டத்துக்கே உரியது. மணவாளக்குறிச்சிப் பக்கத்து மணலில் தோரியம் உள்ள மோனசைட் கலந்திருக்கிறது. அதைத் தூளாக்கி மூச்சில் இழுக்கக் கூடாது.

அதே மணவாளக்குறிச்சியில் ஐஆர்இஎல் என்ற மத்திய அரசு நிறுவனத்தின் ஆலையில் இல்மனைட், ரூட்டைல், சிர்கான் ஆகிய கனிமங்களோடு கார்னெட்டும் பிரித்தெடுக்கிறார்கள். பிரித்துச் சுத்தம் செய்த கார்னெட்தான் உலகம் முழுக்கக் கப்பல் தகடு சுத்தம் செய்யப் பயன்படுவது. நம் காலடியில் கிடக்கும் மணலில் இருப்பதுதான் அது, ஆனால் பிரித்த பிறகே அது வேலைக்கு உதவும்.

குளச்சல் ஆர்கான்

அக்கா சொன்ன கார்னெட் நல்ல பொருள், நான் யார்டில் அடித்திருக்கிறேன். ஆனால் அது மூன்று நான்கு மில்லிமீட்டர் தகட்டுக்கு. இந்த மெல்லிய தகட்டில் கொஞ்சம் பக்கத்தில் பிடித்தாலே அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். இது கை வேலைதான்.

தேய்ப்பதில் ஒரே விதி: இரும்பைத் தொட்ட எதையும் கொண்டு இந்த வள்ளத்தைத் தேய்க்கக் கூடாது. இரும்புக் கம்பி பிரஷ், ஸ்டீல் உல், வீட்டில் கேட் உரசிய கிரைண்டர் டிஸ்க் எதுவும் ஆகாது. இரும்புத் துகள் தகட்டில் பதிந்தால் பெயின்டுக்குக் கீழே துரு கசியும், அந்த இடத்தில் குழியும் விழும். எமரித் துணியிலும் இரும்பு ஆக்சைடு உண்டு. அலுமினியம் ஆக்சைடு தாள் என்று கேட்டு வாங்குங்கள், 80 நம்பர். உள்பக்கம் தேய்க்கக் கதம்பைத் தும்பும் (தேங்காய் மட்டை நார்) சோப்பும் போதும், தகட்டுக்கு அதைவிட நல்ல பிரஷ் கிடையாது.

வரிசையை மாற்றாதீர்கள். முதலில் எண்ணெய்ப் பிசுக்கைத் தின்னர் துணியால் துடைக்க வேண்டும். பிசுக்கோடு தேய்த்தால் அதைத் தகட்டுக்குள் அரைத்து விடுவோம். துணியைத் திரும்பத் திரும்பப் புதுப் பக்கம் மாற்றுங்கள். பிறகு தேய்ப்பது. பிறகு நல்ல தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது. தண்ணீர் ஒரே விரிப்பாக வழிந்தால் சுத்தம். முத்து முத்தாகப் பிரிந்து நின்றால் அங்கே இன்னும் பிசுக்கு இருக்கிறது.

காய்ந்ததும் கடைசியாக ஒரு லேசான தேய்ப்பு, தூசி துடைப்பு, உடனே எபாக்சி பிரைமர். இரண்டு மூன்று மணி நேரத்துக்குள். தேய்த்துவிட்டு நாளைக்கு அடிக்கலாம் என்று போனால் ஆக்சைடும் உப்புக்காற்றும் வந்து உட்கார்ந்துவிடும். அதனால் ஒரு நாளில் அடிக்க முடிகிற அளவுக்கு மட்டும் தேயுங்கள். முதல் கோட்டை மெல்லிசாக, பிரஷால் குழிக்குள் அழுத்தித் தேய்த்து அடியுங்கள், ரோலர் குழிக்கு மேலே பாலம் போட்டுவிடும். அது கெட்டியானதும் புட்டி, பிறகு இன்னும் இரண்டு கோட். தண்ணீருக்குள் இருக்கும் பாகத்தில் மொத்தம் 250 முதல் 300 மைக்ரான் இருந்தால் நிம்மதி. எபாக்சி வெயிலில் சுண்ணாம்பு பூத்துவிடும், வெயில் படும் பக்கத்துக்கு மேலே பியூ (பாலியூரித்தேன்) பெயின்ட். அதைப் பிரஷிலோ ரோலரிலோ அடியுங்கள், ஸ்பிரே வேண்டாம். அதன் ஹார்டனர் புகை நெஞ்சுக்கு ஆகாது.

காலையில் தகடு பனியில் குளிர்ந்திருக்கும். ஈரத் துணியால் ஒரு கை அளவு துடைத்துப் பாருங்கள், பத்துப் பதினைந்து நிமிடத்தில் காயவில்லையென்றால் அப்போது அடிக்கக் கூடாது. நம் கரையில் ஒன்பதரைக்கு ஆரம்பித்து, கடல்காற்று பலமாக ஏறுவதற்கு முன் முடிப்பது நல்லது. ஓலைக் கொட்டகைக்குள் என்றால் இன்னும் நல்லது, வெயிலில் தகடு சுட்டால் எபாக்சி டப்பாவிலேயே கெட்டியாகிவிடும்.

சின்னமுட்டம் விசைப்படகு

பாசிக்கு என்ன செய்வீர்கள்? காயலில் கட்டிப்போட்டால் ஒரு மாதத்தில் ஒட்டுச்சிப்பி ஏறிவிடும். செம்புப் பெயின்ட் இல்லாமல் எப்படி?

குளச்சல் ஆர்கான்

செம்பு இல்லாமலும் வருகிறது, துத்தநாகச் சேர்மம் போட்டது. டப்பாவில் அலுமினியத்துக்கு ஏற்றது என்று எழுதியிருக்க வேண்டும். ஆனால் நான் கேட்பது வேறு. நான்கு பேர் தூக்கும் வள்ளத்தைத் தினமும் கரையேற்றிக் கவிழ்த்து வைத்தால் சிப்பிக்கு என்ன வேலை? அந்தப் பெயின்டே வேண்டாம்.

தூத்தூர் தங்கல்

நான் தங்கலுக்கு, அதாவது நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கப் போகிறவன், ஓமன் பக்கம் பார்த்ததைச் சொல்கிறேன். அங்கே அலுமினிய வேலைப் படகுகள் பல பெயின்டே இல்லாமல் சாம்பல் நிறமாக ஓடுகின்றன. நல்ல கடல் தகடு என்றால் அது தானே தன்னைப் பார்த்துக்கொள்ளும். எல்லா இடமும் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? உரிந்த பெயின்டுக்குள் தண்ணீர் தங்குவதைவிட வெறும் தகடு மேல்.

குளச்சல் ஆர்கான்

தூத்தூர் தம்பி சொல்வது முழுக்கச் சரி. இந்த வள்ளத்தின் உள்பக்கத்தை நான் வெறுமையாகவே விடச் சொல்வேன். வெளியே ஏற்கெனவே குழி விழுந்துவிட்டது, ரிவெட் இடுக்கு நிறைய இருக்கிறது, அதனால் நீர்மட்டத்துக்குக் கீழே மட்டும் பூச்சு தேவை.

உள்ளே வெறுமையாக விட்டால் ஒரு பொறுப்பு வரும். செம்புக் கம்பித் துண்டு, பித்தளைக் கொக்கி, வலையின் ஈயக்குண்டு, சில்லறைக் காசு எதுவும் அடியில் தண்ணீரோடு கிடக்கக் கூடாது. யார்டில் ஒரு படகில் எலக்ட்ரீஷியன் விட்டுப்போன விரல் நீளச் செம்புக் கம்பி, கிடந்த இடத்தில் தன் உருவத்திலேயே தகட்டைத் தின்று ஊசித்துளை போட்டதைக் கண்ணால் பார்த்தேன். எஞ்சின் மாட்டும் எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) போல்டுக்கு நைலான் வாஷரும் சீலன்டும் போடுங்கள். பின்பலகைக்கு மரைன் பிளைவுட், ஓரம் முழுக்க எபாக்சி குடித்ததாக. பூச்சி அரிக்காமல் செம்பு மருந்து ஏற்றிய மரம் மட்டும் வேண்டாம்.

மணக்குடி மகன்

இரண்டு மாதமாகப் பதில் போடவில்லை, வேலையில் இருந்தேன். பங்குனி பிறந்துவிட்டது, வள்ளமும் முடிந்துவிட்டது.

தண்ணீர் விட்டுப் பார்த்ததில் 23 ரிவெட் சொட்டியது. 14 இறுக்கியதிலேயே நின்றது, 9 மாற்றினோம். வெளியே கட்டை பிடித்தது அப்பா. ஒரு தட்டு, இரண்டு தட்டு என்று பேசிக்கொண்டது போக, பத்தாவது ரிவெட்டுக்குப் பிறகு அவர் கட்டையைப் பிடித்திருக்கும் அழுத்தத்தை வைத்தே நான் எப்போது நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. ஆழமான குழி மூன்று இடத்தில் இருந்தது, துண்டுத் தகடு அடித்தோம்.

பெயின்ட் சுரண்டியதுதான் பெரிய வேலை. ஒன்பது நாள். செங்கல் நிறப் பூச்சு ரிவெட் தலையைச் சுற்றி விடாப்பிடியாக ஒட்டியிருந்தது, தேங்காய்ச் சிரட்டைத் துண்டைக் கூராக்கி அம்மா ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்தார். கதம்பைத் தும்பு உள்பக்கத்துக்கு உண்மையிலேயே அருமை.

ஒரு தவறு செய்தேன், மற்றவர்களுக்கு உதவும் என்று சொல்கிறேன். இரண்டாவது கோட்டை அணியத்துப் பக்கம் (முன்பக்கம்) சாயங்காலம் ஐந்து மணிக்கு அடித்தேன், இன்னும் கொஞ்சம்தானே என்று. காலையில் பார்த்தால் மேலே மெழுகு தடவினதுபோல் பிசுபிசுப்பு, மூன்றாவது கோட் அதில் நிற்காமல் விலகியது. குளச்சல் அண்ணனைக் கேட்டேன். ராத்திரி ஈரத்தில் எபாக்சி ஹார்டனர் மேலே கசிந்து வருவதாம். தின்னரால் துடைத்தால் பரவும், வெதுவெதுப்பான தண்ணீரும் நைலான் பேடும் கொண்டு கழுவினால் போகும் என்றார். கழுவி, தேய்த்து, காலை பத்து மணிக்கு மறுபடி அடித்தேன். நன்றாகப் பிடித்திருக்கிறது.

முட்டம் அண்ணன் பின்பலகையைச் செய்து தந்தார், ஆறு பக்கமும் எபாக்சி ஊற்றி. போல்ட் துளைகளைக்கூடப் பெரிதாகத் துளைத்து, எபாக்சி நிரப்பி, அதன் நடுவில் மறுபடி துளைத்தார். மரம் எங்கேயும் தண்ணீரைப் பார்க்கவே பார்க்காது.

நேற்று இறக்கினோம். இரண்டு மணி நேரம் காயலில் நின்றது. அப்பா அடியில் கையை வைத்துத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஈரம் இல்லை.

பேச்சிப்பாறைக் குளிர்

இந்த இழையை முழுக்கப் படித்தேன். என்னிடமும் சின்ன அலுமினியப் படகு இருக்கிறது, கடலே பார்க்காதது, அணைத் தண்ணீர் மட்டும். அனோடு (தகட்டுக்குப் பதிலாகத் தான் கரைந்து அதைக் காப்பாற்றும் உலோகக் கட்டி) போட வேண்டுமா? கடையில் துத்தநாகம் கொடுக்கிறார்கள்.

குளச்சல் ஆர்கான்

நல்ல தண்ணீரில் துத்தநாகம் மேலே ஒரு தோல் கட்டித் தூங்கிவிடும். அங்கே மக்னீசியம். அதே மக்னீசியத்தை உப்பு நீரில் போட்டால் வேகம் அதிகமாகிப் பெயின்டையே கொப்புளமாக்கும், ஆகவே படகைக் கடலுக்குக் கொண்டுபோனால் கழற்றிவிடுங்கள். தினமும் கரையேற்றும் படகு என்றால் அனோடு இல்லாமலும் ஓடும்.

மணக்குடித் தம்பிக்கு: பொழி அடைத்திருக்கும்போது ஆற்றுத் தண்ணீர் தேங்கி உப்பு குறையும், பொழி திறந்தால் கடல் ஏறும். இப்படி மாறிமாறி வரும் தண்ணீருக்கு அலுமினிய அனோடுதான் பொருந்தும். எஞ்சினை எப்போதும் மாட்டியே வைப்பதானால் பின்பலகைக்குப் பக்கத்தில் ஒன்று போடுங்கள். தகட்டை அந்த இடத்தில் பளிச்சென்று தேய்த்து, உலோகம் உலோகத்தைத் தொடும்படி இறுக்க வேண்டும். அனோடின் மேல் மட்டும் பெயின்ட் படக் கூடாது.

மணக்குடி மகன்

அலுமினிய அனோடு ஒன்று சொல்லிவைத்திருக்கிறேன் அண்ணே. ஈயக்குண்டுகளுக்கு அப்பா ஒரு பிளாஸ்டிக் டப்பா வைத்துவிட்டார், வலை எடுத்ததும் அதில்தான் போகும். ஆடி முடிந்ததும் கவிழ்த்துப் போட்டு, ரிவெட் வரிசையைப் படம் எடுத்து இங்கேயே போடுகிறேன். எங்காவது கொப்புளம் தெரிந்தால் மறைக்காமல் அதையும் போடுவேன்.